ஒற்றைப் புட்டி

ஒயினைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. நான் குடிக்கிறவனல்ல. குடிக்காதவன் என்று மார்தட்டிக்கொள்கிறவனும் அல்ல. வெளிதேசத்தில் இரண்டு தரம், விருந்து வைத்தவருக்கு மரியாதையாக, வாயில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முதல் தரம், நாவற்பழத்தை வேப்பம்பட்டையோடு சேர்த்துக் கஷாயம் போட்டாற்போல் இருந்தது. இரண்டாந்தரம் வேப்பம்பட்டை சற்றுக் குறைந்திருந்தது. என் ஞானம் அவ்வளவுதான். ஆனால் விற்கிறவன் வாங்குகிறவனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேசுவதற்குச் சரக்கை விழுங்கியிருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லையே!

2025-ஆம் ஆண்டில் ஐந்து மாதம் இங்கிலாந்தில் என் மகள் வீட்டில் இருந்தேன். லண்டனுக்கு மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரம் போனால் வருகிற சிறிய ஊர். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகல் முழுவதும் எனக்குத் துணை பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். எழுபத்தொன்பது வயது. ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகிறது. வேலியோரத்தில் தக்காளிச் செடியைப் பற்றி ஆரம்பித்த சினேகம், அவர் வீட்டுச் சமையலறை மேஜை வரைக்கும் வந்துவிட்டது.

அந்த மேஜையின் மேல் மூன்று நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவர் மனைவி வைத்திருந்தவை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியவர் கடைத்தெருவுக்கு நடந்து போய் ஒரு புட்டி ஒயின் வாங்கி வருவார். ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு இருவருக்கும் அது போதும். தீர்ந்த பிறகு அம்மாள் புட்டியை வெந்நீரில் ஊறவைத்து, மேலே ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழியாமல் உரித்து நோட்டில் ஒட்டிவிடுவாள். அதன் கீழே ஒரு வரி எழுதுவாள். “ஆட்டுக்கறி. மழை. சுமார்” என்று ஒரு பக்கம். “கோழி. அவருடைய அண்ணன் வந்திருந்தார். இனி வேண்டாம்” என்று ஒரு பக்கம். வேண்டாம் என்றது ஒயினையா அண்ணனையா என்று கேட்டேன். “இரண்டையும்தான்” என்றார் பெரியவர்.

கடைக்காரரை அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம். கடைக்காரர் முதலில் விலையைச் சொல்வதில்லை, “நாளைக்கு அடுப்பில் என்ன?” என்று கேட்பாராம். பதிலைக் கேட்டதும் அவர் கை தானாக ஓர் அலமாரிக்குப் போகுமாம். இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நம் ஊரில், கல்யாணத்துக்கா தினப்படி உடுத்தவா என்று கேட்காமல் எந்த ஜவுளிக் கடைக்காரராவது புடைவையை விரிப்பாரா?

அந்தக் கடை போய்விட்டது. அது மட்டுமல்ல, அந்த இனமே போய்விட்டது என்று சொல்லலாம். 1865-இல் தொடங்கிய விக்டோரியா ஒயின், அதோடு பின்னால் சேர்ந்த திரெஷர்ஸ் முதலிய கடைகளைக் கட்டி ஆண்ட கம்பெனி 2009-இல் திவாலாகி, ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளோடு விழுந்தது. 1963-இல் பிறந்த ஆட்பின்ஸ் என்ற கடைக்கு, ரால்ஃப் ஸ்டெட்மன் என்ற பெரிய சித்திரக்காரர் விலைப்பட்டியலுக்குப் படம் போட்டுக் கொடுத்ததுண்டு. அதுவும் 2011-இல் ஒரு தரமும் 2019-இல் இன்னொரு தரமும் முறிந்தது. பெரியவர் ஊர்க் கடை இருந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள்.

மிஞ்சியிருக்கும் கடைத்தெரு ஒயின் வியாபாரிகளில் ஒருவருக்கு அடுத்த ஊரில் கிளை உண்டு. பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிற வழக்கம் அவர் ஒருவருடையது மட்டுமல்ல. இணையத்தில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று பெரியவர் கேள்விப்பட்டிருந்தார். அவருக்குக் கை நடுக்கம். “நீங்கள் எழுத்தாளர். தட்டெழுத்து உங்களுக்குப் பழக்கம்தானே?” என்று என்னை உட்காரவைத்தார். எழுத்தாளனுக்கு இப்படியும் ஒரு மரியாதை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திரை திறந்ததும் முதல் கேள்வி: “உங்களுக்கு 18 வயது ஆகிவிட்டதா?” பெரியவர் குளிர்ந்துபோனார். “இதை என்னிடம் ஒருவர் கேட்டு அறுபது வருஷம் ஆகிறது” என்றார். பிறகு அவர் வேண்டியதைத் தேடினோம். இத்தாலியில் பியெட்மான்ட் பக்கத்துச் சிவப்பு ஒயின். பார்பெரா என்று பெயர். கோழிக்கு ஆகும் என்று நோட்டில் அம்மாள் இரண்டு இடத்தில் எழுதியிருந்தாள். அகப்பட்டது. அதன் கீழே இரண்டு விலை. ஒன்று, சிறிய எழுத்தில், 12 பவுன். இன்னொன்று, பெரிய எழுத்தில், 9 பவுன். ஆறு புட்டி சேர்த்து வாங்குகிறவர்களுக்கு அந்த ஒன்பது.

“ஒன்று போதும்” என்றார் பெரியவர். ஒன்றைக் கூடையில் போட்டேன். திரை மறுத்தது. இன்னும் ஐந்து புட்டி சேர்த்தால்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்றது. எந்தப் பித்தானை அழுத்தினாலும் அதே பதில்.

பெரியவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் இன்னும் ஆறு வாரம் உயிரோடு இருப்பேன் என்று இவனுக்கு எவ்வளவு நம்பிக்கை!” என்றார்.

கடைசியில் ஆறும் வாங்கினோம். 54 பவுன். “பாராட்டுக்கள்! நீங்கள் 18 பவுன் மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள்” என்று திரை சொல்லிற்று. பன்னிரண்டு பவுன் செலவழிக்க உட்கார்ந்த மனிதர் ஐம்பத்து நான்கைச் செலவழித்துவிட்டுப் பதினெட்டை மிச்சம் பிடித்திருக்கிறார்! நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் வாத்தியார் முட்டியைப் பெயர்த்திருப்பார்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. கண்ணாடியும் திரவமுமாக ஏழெட்டுக் கிலோ. கொண்டுவந்தவன் வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பெரியவரால் தூக்க முடியவில்லை. நானும் எழுபதைத் தாண்டியவன். இருவருமாக அங்கேயே பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு புட்டியாக உள்ளே கொண்டுபோய் வைத்தோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

இங்கிலாந்தில் 2025 பிப்ரவரியிலிருந்து ஒயினுக்கு வரி, அதிலுள்ள சாராயத்தின் அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டர் சுத்தச் சாராயத்துக்கு 29 பவுன் 54 பென்ஸ் என்று அந்த வருஷத்து வீதம். பெரியவர் வாங்கிய புட்டி முக்கால் லிட்டர். சாராயம் 13 சதவிகிதம். கணக்குப் போட்டால் வரி 2 பவுன் 88 பென்ஸ் ஆகிறது. ஒன்று வாங்கினாலும் ஆறு வாங்கினாலும் புட்டிக்கு அதேதான். ஸர்க்கார் மொத்த வியாபாரத்துக்குத் தள்ளுபடி கொடுப்பதில்லை. அதற்கு மேல் விற்பனை வரி 20 சதவிகிதம். பன்னிரண்டு பவுனில் விற்பனை வரி இரண்டு போக, முதல் வரியும் போக, கடைக்காரர் கையில் நிற்பது 7 பவுன் 12 பென்ஸ். ஒன்பதில் அதே மாதிரி கழித்தால் 4 பவுன் 62 பென்ஸ். இத்தாலியக் குடியானவனுடைய திராட்சை, கண்ணாடி, தக்கை, லாரி, கப்பல், கிடங்கு, கூலி, லாபம் எல்லாம் இந்த 4 பவுன் 62-இல் அடங்கிவிடுகின்றன. அடங்காவிட்டால் அவர் ஒன்பதுக்கு விற்பாரா? அப்படியானால் அந்தப் புட்டியின் விலை ஒன்பது. பன்னிரண்டு என்பது விலையே அல்ல. ஒன்பதை அழகாகக் காட்டுவதற்காகப் பக்கத்தில் நிறுத்திவைத்த திருஷ்டிப் பொம்மை.

பொம்மையாகவே நின்றால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். ஆனால் அந்தப் பன்னிரண்டை நிஜமாகவே கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். யார் அவர்கள்? தனியாக இருக்கிறவர்கள். மாத முதலில் ஐம்பத்து நான்கு பவுனை மொத்தமாக எடுத்து வைக்க முடியாதவர்கள். கார் இல்லாதவர்கள். வீட்டில் அதிகம் இருந்தால் அதிகம் குடித்துவிடுவோம் என்று தங்களையே அறிந்து பயப்படுகிறவர்கள். இவர்களிடம் மூன்று பவுன் கூடுதலாக வாங்கி, விருந்து வைக்கிற வீட்டுக்காரனுக்கு மூன்று பவுன் குறைத்துக் கொடுப்பதற்குத் தள்ளுபடி என்று பெயர்!

நம்ப முடியாதவர்கள் 2006-இல் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். திரெஷர்ஸ் கம்பெனி, தனக்குச் சரக்குக் கொடுப்பவர்களுக்கும் அவர்களுடைய சினேகிதர்களுக்கும் என்று நூற்றுக்கு நாற்பது தள்ளுபடிச் சீட்டு ஒன்றை வெளியிட்டது. அது இணையத்தில் கசிந்து ஊரெல்லாம் பரவி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைகளில் கூட்டம் முட்டிற்று. கம்பெனி மூழ்கிப் போகும் என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் அந்தக் கடைகளில் அப்போதே இரண்டு புட்டி விலைக்கு மூன்று புட்டி கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதுவே நூற்றுக்கு முப்பத்து மூன்று. சீட்டைக் காட்டினால் இந்தச் சலுகை கிடையாது. ஆக, ஊரே வரிசையில் நின்று அடைந்த லாபம் நூற்றுக்கு ஏழு! முழு விலை என்று ஒன்றை யாரும் நம்பவில்லை என்பது அன்றைக்கே அம்பலமாகிவிட்டது. ஒற்றைப் புட்டிக்காரன் மட்டும் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இதில் எனக்கு மிகவும் உறைத்தது வேறொன்று. ஒற்றைப் புட்டி வாங்கும் உரிமைக்காக இதே தேசத்தின் பார்லிமெண்ட் ஒரு காலத்தில் சட்டம் செய்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒயின் வாங்குவதென்றால் பெரும்பாலும் வியாபாரியிடம் டஜன் கணக்கில், பெரிய வீட்டுக்காரர்கள் செய்கிற காரியம். கிளாட்ஸ்டன் நிதி மந்திரியாக இருந்தபோது, 1860-இல் பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் செய்து ஒயின் மீதுள்ள சுங்கத்தைக் குறைத்தார். அடுத்த வருஷம், சாதாரணக் கடைக்காரரும் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு ஒவ்வொரு புட்டியாக விற்கலாம் என்று வழி செய்தார். ஒற்றைப் புட்டிச் சட்டம் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. நடுத்தரக் குடும்பம் சாப்பாட்டோடு ஒரு புட்டியைப் பகிர்ந்துகொள்ளட்டும், கடுஞ்சாராயத்தை விடட்டும் என்பது அவர் நினைப்பு. நினைப்பு பலித்ததா என்று நான் வாதாட வரவில்லை. விக்டோரியா ஒயின் மாதிரியான கடைகள் அதற்குப் பின் வந்தவைதான். பெரியவரின் சனிக்கிழமை நடைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிறகு இருபதாம் நூற்றாண்டில் கிடங்குக் கடைகள் வந்தன. ஒன்பது லிட்டர், அதாவது பன்னிரண்டு புட்டி, அதற்குக் குறையாமல் விற்றால் அது மொத்த வியாபாரம், சில்லறை லைசென்ஸ் வேண்டாம் என்று ஒரு சட்ட ஓட்டை இருந்தது. பெட்டி பெட்டியாகத்தான் விற்பேன் என்று சொல்ல அதுவாவது ஒரு காரணம். 2003-ஆம் வருஷத்து லைசென்ஸ் சட்டம் 2005 நவம்பரில் அமலுக்கு வந்ததும் அந்தக் காரணம் செத்தது. பழக்கம் சாகவில்லை. பன்னிரண்டு ஆறாயிற்று, ஆறு திரையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 1861-இல் கிளாட்ஸ்டன் கொடுத்ததை, சட்டம் இல்லாமல், விவாதம் இல்லாமல், ஒரு கம்ப்யூட்டர் எழுதுகிற பையன் பிடுங்கிக்கொண்டான்.

வண்டிக்கூலியைச் சொல்வார்கள். கண்ணாடி கனம்தான், ஒரு புட்டிக்காக ஒருவன் வண்டியோட்டி வர முடியாது என்பதும் நியாயம்தான். அப்படியானால் கூலியைக் கூலி என்று சொல்லிக் கேட்கட்டுமே! ஒரு புட்டி ஒன்பது, கொண்டுவரக் கூலி ஐந்து என்று போட்டால் பெரியவர் யோசித்து, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லுவார். கடைக்கு நடந்து வருகிறவனுக்கும் ஏன் பன்னிரண்டு? அவன் தூக்கிப் போவது தன் சொந்தக் கையில் அல்லவா?

“பலசரக்கு விற்கிற பெரிய கடைக்குப் போய் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமே” என்பார்கள். வாங்கலாம். அங்கே அவர் கேட்ட பார்பெரா இல்லை. அடுப்பில் என்ன என்று கேட்க ஆளும் இல்லை. பணம் வாங்குகிற இடத்தில்கூட இயந்திரம் நிற்கிறது. அந்தப் பெரிய கடைகளும் அவ்வப்போது ஆறுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து என்று தண்டோரா போடுகிறார்கள்.

இன்னொரு கூத்து. அந்தத் திரையின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், பொறுப்போடு குடியுங்கள் என்று போட்டிருக்கிறது. 2016-இல் அந்த நாட்டுத் தலைமை வைத்தியர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஆணோ பெண்ணோ, வாரத்துக்கு 14 அலகுக்கு மேல் வேண்டாம். 13 சதவிகிதப் புட்டி ஒன்றில் 9.75 அலகு. பெரியவரின் ஒற்றைப் புட்டி, ஞாயிற்றுக்கிழமை தொடங்கி மூன்று நாளில் தீருகிறது. வைத்தியர் சொன்ன எல்லைக்குள் நிற்கிறது. ஆறு புட்டியில் 58.5 அலகு, நான்கு வாரத்துக்கு அனுமதித்ததைவிட அதிகம். ஒன்று கேட்டவன் தலையில் ஆறைக் கட்டிவிட்டு, பொறுப்பு என்று உபதேசம் செய்வது என்ன யோக்கியதை? நம் ஊர் மதுக்கடையைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்தத் தெருவைக் கடப்பேன். ஆனாலும் கால் புட்டி கேட்டவனை ஆறு வாங்கினால்தான் தருவேன் என்று அங்கே யாரும் விரட்டிக் கேட்டதில்லை.

இது திருத்த முடியாத விஷயம் என்றும் சொல்வதற்கில்லை. வடக்கே ஸ்காட்லாந்தில் திருத்தியிருக்கிறார்கள். 2010-இல் நிறைவேற்றி 2011 அக்டோபர் முதல் தேதி அமலாக்கிய சட்டப்படி, அங்கே கடையில் ஆறு புட்டியின் விலை ஒரு புட்டி விலையின் ஆறு மடங்குக்குக் குறையக் கூடாது. குடியைக் குறைக்கச் செய்த சட்டம் அது. ஆனால் அதனால் ஒற்றைப் புட்டிக்காரனுக்கு நியாயமும் கிடைத்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் வியாபாரி சும்மா இருப்பாரா? அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக் கடைகளைத்தான் கட்டும். எல்லைக்கு இந்தப்புறம் இங்கிலாந்துக் கிடங்கிலிருந்து அனுப்புகிற பெட்டியைக் கட்டாது. அந்த இடுக்கு வழியாகத் தள்ளுபடி மறுபடியும் இணையத்தில் ஏறி வடக்கே போயிற்று.

இணையத்தையே தூற்றுகிறேன் என்று எண்ண வேண்டாம். நடக்க முடியாதவர் வீட்டுக்குச் சரக்கு வருகிறது, பெரிய உபகாரம். பிடிக்கவில்லை என்றால் வந்து சேர்ந்த பதினான்கு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல 2013-ஆம் வருஷத்து விதிகள் உரிமை கொடுத்திருக்கின்றன. கடைத்தெருவில் வாங்கினவனுக்கு அது கிடையாது. எல்லாம் நல்லதுதான். ஒன்று கேட்டால் ஒன்று கொடுக்கத் தெரியாத யந்திரத்தை மட்டும் கெட்டிக்கார யந்திரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் சிறுவயதில் பாட்டி என்னைப் பத்துப் பைசாவுக்குப் பெருங்காயம் வாங்கிவர அனுப்புவாள். கடைக்காரர் ஒரு கிள்ளுக் கிள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். கட்டியாக வாங்கிப் போகச் சொல் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பாட்டியிடம் அன்று பத்துப் பைசாதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, நானும் பெரியவரும் பஸ் ஏறி அடுத்த ஊரிலுள்ள அந்தக் கடைக்கே போனோம். முதியவர்களுக்கு அங்கே பஸ் இலவசம், அவருக்கு. எனக்கு டிக்கெட். கடையில் ஒரு சிறு பெண் நின்றிருந்தாள். நல்ல பெண். நாங்கள் கேட்காமலே, “நாளைக்கு என்ன சமையல்?” என்றாள். பெரியவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கோழியில் ஆரம்பித்து, மனைவியின் நோட்டுப் புத்தகம் வரைக்கும் கால் மணி நேரம் பேசினார். அவளும் கேட்டாள். கடைசியில் அதே பார்பெராவை எடுத்துக் கொடுத்து, 12 பவுன் என்றாள்.

“போன மாதம் இதே புட்டி எனக்கு ஒன்பதுக்கு வந்ததே, அம்மா.”

“ஆறு எடுத்தால் இப்போதும் ஒன்பதுதான், ஐயா.” சொல்லும்போது அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. “விலையை நான் வைப்பதில்லை” என்றாள்.

பெரியவர் பன்னிரண்டு பவுனையும் எண்ணி வைத்தார். திரும்பும்போது பஸ்ஸில், “ஒரு கால் மணிப் பேச்சுக்கு மூன்று பவுன். மோசமில்லை” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாக அந்தப் பேச்சு அவருக்குப் புட்டியோடு சேர்ந்து சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது.

நான் ஊருக்குக் கிளம்பும்போது முதலில் வந்த ஆறில் இரண்டு பாக்கி இருந்தது. ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. வேஷ்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். இப்போது என் புத்தக அலமாரியில் நிற்கிறது. மேலே இருக்கிற சீட்டை வெந்நீரில் ஊறவைத்து உரித்து, அன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன சமையல் என்று கீழே எழுதி அனுப்பவேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை. வத்தக்குழம்புக்கு இது ஆகுமா என்று என் மனைவி கேட்கிறாள். பெரியவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.